‘நிலை 4’ என்றால் என்ன?
உடலில் புற்றுநோய் பரவிய இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் (PET) முடிவைப் பார்த்த மருத்துவர் அக்காவின் கோப்பில் ‘நிலை 4பி’ என்று எழுதியிருந்ததைப் படித்த இரவு, வீட்டில் யாரும் உறங்கவில்லை. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயில் அந்த எண், நோய் நிணநீர் மண்டலத்தைத் தாண்டி எலும்பு மஜ்ஜை, கல்லீரல் போன்ற உறுப்புகளிலும் பரவியிருப்பதைக் குறிக்கிறதே தவிர, சிகிச்சை பயனளிக்காது என்று பொருள்படாது. இந்நிலையிலும் குணமடைவோர் பலர் உண்டு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது. ‘பி’ என்ற எழுத்து, காரணம் புலப்படாத காய்ச்சல், உடையை நனைக்கும் இரவு வியர்வை, 6 மாதங்களில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எடையிழப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் இருப்பதைச் சுட்டுகிறது. சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர்கள் சொல்லும் ‘முழுமையான ரெமிஷன்’ என்பது பரிசோதனைகளில் நோயின் தடயம் தென்படாத நிலை. அப்போதும் தொடர் பரிசோதனைகள் தேவை.