கம்பியில் குத்தி வைத்த கார்டுகள்

"ஸ்டாம்பைக் கத்தரிச்சு எடுக்கிற பய இங்க உக்காரக் கூடாது." தபால்தலைக் குழு தொடங்கிய அன்று எங்கள் வரலாறு சார் போட்ட முதல் சட்டம் இது. எழுபதுகளின் பிற்பகுதி. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்த எங்களுக்குத் தபால்தலை சேர்ப்பது என்றால் கவரைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரித்துக் காயவைப்பதும், மாக்யார் போஸ்டா என்று அச்சிட்ட ஹங்கேரி ஸ்டாம்பு ஒன்றுக்கு உள்ளூர் ஸ்டாம்பு எத்தனை என்று பேரம் பேசுவதும்தான். சாருக்கு அது ஆகவே ஆகாது. உறையைவிட்டு வந்துவிட்ட தபால்தலை அவருக்கு வெறும் கலர் காகிதம். தபால்தலைமேல் விழுந்த கறுப்பு முத்திரை, அது விழுந்த தபால் கார்டு, கார்டில் ஓடும் கையெழுத்து எல்லாம் பிரியாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அதிலும் இரண்டாம் உலகப் போர் நடந்த 1939-லிருந்து 1945 வரையிலான கார்டு என்றால் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவார். பையன்கள் அவரை 'போஸ்ட்மேன் சார்' என்று கூப்பிட்டது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

கார்டு எங்கே கிடைக்கும்? பழைய பேப்பர் கடையில் கிடைக்கும். ஆனால் அங்கே போவதற்கு முன் அவரவர் வீட்டு உத்தரத்தைப் பார்க்கச் சொன்னார். நம் பக்கத்து வீடுகளில், குறிப்பாகக் கடை வைத்திருந்தவர்கள் வீடுகளில், அடியில் மரக்கட்டை கோத்த வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கார்டைப் படித்ததும் நடுவில் குத்திக் கம்பியில் இறக்கிவிடுவார்கள். பணம் கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்களுக்கு நடுவில் ஓட்டை விழுந்த கார்டு என்றால் முகம் சுருங்கும். சாருக்கு அந்த ஓட்டைதான் முதல் சந்தோஷம். கம்பி கலையாமல் இருந்தால் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தேதி அழிந்த கார்டுக்கும் கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் சொல்லிவிடலாம். ஆகவே கம்பியிலிருந்து கழற்றுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட வேண்டும். பேனா எடுத்தவன் தொலைந்தான்.

அப்புறம்தான் முத்திரை. அந்தக் காலத்து இந்தியக் கார்டில் பெரும்பாலும் இரண்டு முத்திரை விழும். புறப்பட்ட ஊரில் ஒன்று, வந்து சேர்ந்த ஊரில் ஒன்று. நடுவில் ரயிலில் பிரித்திருந்தால் ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பிரிவின் முத்திரையும் சேர்ந்துகொள்ளும். வட்டத்துக்குள் டின்னவெல்லி, பாளம்கோட்டா, டூட்டிகோரின் என்று வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த ஊர்ப்பெயர்கள். இரண்டு தேதியையும் கழித்தால் கார்டு வழியில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரிந்துவிடும். ஒரே ஆள் ஒரே விலாசத்துக்குப் போட்ட கார்டுகளை வரிசையாக வைத்து இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், போர் எந்த மாதம் நம் தெருவுக்குள் வந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத அளவுக்குத் துல்லியமாகப் பார்க்கலாம்.

முத்திரையும் பொய் சொல்லும் என்பதையும் அவரே சொன்னார். தேதி எழுத்துகளைத் தினமும் கையால் மாற்ற வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் பழைய ஆண்டு எண்ணை மாற்ற மறந்துபோன குமாஸ்தாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. மணி போட்ட முத்திரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரம் போருக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்த மூன்று வருட முத்திரையில் காலை 7 என்று இருந்தால் நம் கணக்கில் அது 6 மணி.

ஆகவே முத்திரைக்கு இன்னொரு சாட்சி தேவை. அது கார்டுக்குள்ளேயே இருக்கும். நம் பக்கத்துப் பெரியவர்கள் இங்கிலீஷ் தேதி போடுவதை அவ்வளவாக மதிக்கவில்லை. தமிழ் வருடம், மாதம், அதோடு மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டும் எழுதுவார்கள். மலையாளத்தை ஒட்டிய நெல்லைச் சீமைக்கு அது சகஜம். 'சித்திரபானு வருஷம், சித்திரை' என்று ஒருவர் எழுதி, பக்கத்திலேயே கொல்லம் 1117 என்று போட்டிருந்தால் அது 1942 ஏப்ரல் 14-ஐ ஒட்டித் தொடங்கும் மாதம். முத்திரையும் அதையே சொன்னால் சரி. சொல்லாவிட்டால் அன்றைக்கு ஹாஸ்டல் மணி அடித்தாலும் எங்களுக்கு விடுதலை கிடையாது.

அந்த மாதத்துக் கார்டு ஒன்று எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த ஒருவர் உடன்குடிப் பக்கத்துத் தன் வீட்டுக்கு எழுதியது. தணிக்கை முத்திரை விழுந்திருந்தது. கவர் என்றால் தணிக்கைக்காரர்கள் ஓரத்தைக் கிழித்துப் படித்துவிட்டுத் தாள் ஒட்டி மூடுவார்கள். கார்டு திறந்தே கிடப்பதால் படித்தோம் என்று ஒரு முத்திரை குத்துவதோடு சரி. கார்டில் இருந்தது இவ்வளவுதான்: இங்கே மழை பலமாக இருக்கிறது, பிள்ளைகளை அனுப்பி வைக்கிறேன், கடையை மட்டும் விட முடியவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அதே ஏப்ரலில் மதராஸ் பட்டணமே பாதி காலியானது. இதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்த நான், "சார், மழைன்னா குண்டு! தணிக்கைக்குப் பயந்து மறைச்சு எழுதியிருக்காரு" என்று துள்ளினேன். சார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கலாம்ல. ஆனா சித்திரையில கொழும்புல நெசமாவே மழை கொட்டும்லா? கார்டு என்ன சொல்லுது, நீ என்ன சொல்லுத? ரெண்டையும் தனித்தனியா எழுது."

எங்கள் நோட்டில் இடப்பக்கம் கார்டு சொல்வது, வலப்பக்கம் நாம் சொல்வது என்று கோடு போட்டது அதற்குப் பிறகுதான். இப்போதும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். குண்டுதான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அது வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

பட்டாளக் கார்டுகள் கொஞ்சம் வேறு மாதிரி. களத் தபால் அலுவலகம் என்று இருக்கும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும், ஊர் இருக்காது. எதிரிக்குப் படை எங்கே நிற்கிறது என்று தெரியக் கூடாது அல்லவா? அந்த அலுவலகமும் படையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே எண் ஒரு வருடம் எகிப்திலும் அடுத்த வருடம் இன்னொரு நாட்டிலும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது, எண்ணும் தேதியும் சேர்ந்தால்தான் முடியும். மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாமல் அந்த எண்ணுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த தாய்மார்கள் நம் கிராமங்களில் இருந்தார்கள்.

சரி, கடையநல்லூர்க் கார்டுக் கட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

என் ஹாஸ்டல் அறைத் தோழன் ஒருவன் கடையநல்லூர்க்காரன். அவன் ஊரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். நான் இப்போது இருக்கும் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் அவர்கள் ஒரு குட்டிக் கடையநல்லூரையே வைத்திருந்தார்கள். அவனுடைய வாப்பாவின் வாப்பா முப்பதுகளில் ரஜுலா கப்பலில் போனவர். ஒரு லீவு முடிந்து வரும்போது தோழன் அவர் எழுதிய கார்டுகளைத் துணிப்பையில் கொண்டுவந்தான். மேலே 786 போட்டு, எல்லோரும் சுகம், பணம் வந்ததா, பையனை ஓதப் போடுங்கள் என்று அநேகமாக ஒரே விஷயம். சார் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுத்து முத்திரையை எழுதச் சொன்னார்.

எழுதி முடித்தபோது ஒரு பெரிய பள்ளம் தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த கடைசிக் கார்டு 1941 நவம்பர் கடைசியில் முத்திரை விழுந்தது. டிசம்பர் 8-இல் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. கட்டில் அடுத்து இருந்தது அவர் எழுதியதே அல்ல. ஊரிலிருந்து அவருக்குப் போன கார்டு. பாட்டிக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடையநல்லூர் முத்திரை, 1942 ஜனவரி. சேவை நிறுத்தப்பட்டது, அனுப்பியவருக்கே திருப்புக என்று இங்கிலீஷில் ஊதா நிறத்தில் குறுக்கே ஒரு அடி. சேர்க்க முடியாத தபாலைத் திருப்பி அனுப்பும் மதராஸ் டி.எல்.ஓ. அலுவலகத்தின் முத்திரையும் சேர்த்து அது கடையநல்லூருக்கே திரும்பி வந்திருந்தது. திரும்பிய தேதி கோடைக்காலம். புருஷனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அந்த அம்மா அத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். (இது வலப்பக்கம்.)

அடுத்த ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு வெளிநாட்டு முத்திரை ஒன்றுகூட இல்லை. மணியார்டரும் இல்லை. ஆனால் கட்டு காலியாக இல்லை. தென்காசி முத்திரையோடு பாட்டியின் அண்ணன் போட்ட முக்காலணாக் கார்டுகள் இருந்தன. அரிசி அனுப்பியிருக்கிறேன், நகையை அங்கே வைக்க வேண்டாம், வட்டி அதிகம் கேட்பான், நான் வந்து பார்க்கிறேன். போர்க்காலத்து ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் அந்த உள்ளூர் முத்திரைகளில் கிடந்தது. வெளிநாட்டு முத்திரைக்கு மட்டும் பாய்கிற சேகரிப்பாளர் இவற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டார். எனக்கு அந்தக் கட்டில் விலைமதிப்பு உள்ளவை இவைதான்.

பிறகு 1945 டிசம்பரில் மறுபடி சிங்கப்பூர். பழைய ஸ்டாம்பின் மேல் பி.எம்.ஏ. மலாயா என்று அச்சடித்திருந்தது. வெள்ளைக்காரனின் இராணுவ நிர்வாகம் திரும்பி வந்துவிட்டதற்கு அது அடையாளம். எல்லோரும் சுகம், பணம் அனுப்பப் பார்க்கிறேன். இடையில் நடந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வீட்டில் எல்லோரும் அவர் நேதாஜி படையில் இருந்தார் என்று சொல்லி வந்தார்கள். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார், மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், ஆகவே நடந்திருக்க முடியாதது அல்ல. தோழனின் வாப்பா ஹாஸ்டலுக்கு வந்தபோது சாரிடம் நேராகவே கேட்டார்: "அப்போ, எங்க வாப்பா படையில இருந்ததுக்கு இதுல அத்தாட்சி இருக்கா சார்?" சார் எழுந்து நின்று பதில் சொன்னார். "1941 நவம்பர்ல சிங்கப்பூர்ல இருந்தாங்க. 1945 டிசம்பர்ல சிங்கப்பூர்ல இருந்தாங்க. நடுவுல எங்க இருந்தாங்கன்னு இந்தக் கார்டுக்குத் தெரியாது அண்ணாச்சி. இருந்தாங்கன்னும் சொல்லாது, இல்லன்னும் சொல்லாது." தோழனின் வாப்பாவுக்குக் கோபம் வந்தது. கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பெரிய மனிதரின் மனத்தை நோகடித்துவிட்டாரே என்று அன்று எங்களுக்கு சார் மேல் வருத்தம்தான். இன்றைக்கு, ஒரு அத்தாட்சியும் இல்லாமல் ஊர்வரலாறு எழுதித் தள்ளுகிறவர்களைப் பார்க்கும்போது, அப்படி ஒரு பதிலை முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரிகிறது.

கட்டுகளில் இல்லாதவற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல காரியம் என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கார்டு வரும். அதைப் பத்திரமாக வைப்பார்கள். சாவுச் செய்தி வந்த கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள். ஆகவே எந்தக் கம்பியைக் கழற்றினாலும் கல்யாணமும் காதுகுத்தும் நிறைய இருக்கும், சாவு இருக்காது. 1943, 44-இல் நம் ஊர்களில் யாருமே சாகவில்லையோ என்று நினைக்கும்படி இருக்கும். போர்க்காலக் கார்டுகளை வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் கணக்கு தப்பிப்போகும்.

செங்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் 1949 வரை திருவிதாங்கூர், அதன் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே சமஸ்தானத்தின் சங்கு போட்ட 'அஞ்சல்' என்ற தபால் சேவை தனியாக ஓடிக்கொண்டிருந்தது, 1951-இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அந்த அஞ்சல் கார்டைத் தென்காசிக்குப் போட முடியாது, இத்தனைக்கும் ரயிலில் அடுத்தடுத்த ஊர். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் சங்கு முத்திரைக் கார்டு கிடந்தால், தாத்தாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் யாரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று அது சொல்லும்.

நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு அந்தப் பள்ளத்தின் இந்தக் கரையையும் பார்க்கிறேன். ஜப்பானியர் இதற்கு ஷோனான் என்று பெயர் வைத்தார்கள், கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். மலாயா ஸ்டாம்புகளின் மேல் 2602 என்று அச்சிட்டார்கள். அது அவர்கள் கணக்கில் 1942. இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன. கேட்கக் கேட்க, இந்தக் கரையில் இருந்தவர்களும் ஊர்ச் செய்தி தெரியாமல் எப்படித் தவித்தார்கள் என்று புரிகிறது. ஏலத்தில் போர்க்காலக் கவர்கள் என்னால் வாங்க முடியாத விலைக்குப் போகின்றன. அவற்றில் பலவற்றில் விலாசம் இருக்கும், கடிதம் இருக்காது. கடிதத்தை யாரோ எறிந்துவிட்டார்கள். சார் பார்த்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார்.

இந்தச் சங்க மலரைப் படிக்கிறவர்கள் வீடுகளில்தான் மிச்சம் இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்கள். கம்பி இருந்தால் கழற்றும் முன் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். செலோடேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். யார் வீட்டிலிருந்து, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று தனித் தாளில் எழுதி அதோடு வையுங்கள். கார்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், படம் போதும். நான் இப்போது தேடுவது 1942 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி, மேலப்பாளையம் தபாலாபீஸ்களிலிருந்து மலாயாவுக்கும் பர்மாவுக்கும் புறப்பட்டுத் திரும்பி வந்த கார்டுகள். திரும்பி வந்த தேதி தெளிவாகத் தெரிந்தால் ரொம்ப நல்லது. கிடைத்தால் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், அவர் எனக்கு அனுப்பி வைப்பார்.