பின்னாடி ரெண்டு பேர் ஏறி நின்னா போதுமா?

ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆரம்பித்த புதிது. லாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்க வேண்டும், பில்லில் எடை கிட்டத்தட்ட 2.5 டன், வண்டியும் 2.5 டன் வண்டி, அப்புறம் என்ன என்று தூக்கிவிட்டேன். பெட்டி ஒரு சாண் எழும்புவதற்குள் பின்சக்கரம் தரையை விட்டுவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. "பின்னாடி ரெண்டு பேர் ஏறி நில்லுங்கப்பா" என்றார் சூப்பர்வைசர். ஏறி நின்றார்கள், இறக்கியும் விட்டோம். அன்றைக்கு அதைத் திறமை என்று நினைத்ததை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வண்டியில் ஒரு தகடு இருக்கும். 2500 கிலோ, பக்கத்திலேயே 500 மி.மீ. முதல் எண்ணை எல்லோரும் படிக்கிறோம், இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. ஃபோர்க்கின், அதாவது லோடைத் தாங்கும் L வடிவ இரும்புக் கைகளின், செங்குத்தான முகத்திலிருந்து லோடின் நடுமையம் அந்த 500-க்குள் இருந்தால்தான் 2500 கிலோ என்ற பேச்சே. முன்சக்கரம்தான் சீசா பலகையின் நடுக்கட்டை மாதிரி, பின்னால் இருக்கும் இரும்பு எடை ஒரு பக்கம், லோடு மறுபக்கம். 1200 மி.மீ. நீளப் பெட்டியை நீளவாக்கில் எடுத்தால் மையம் 600-க்குப் போய்விடும், தாங்கும் எடையும் குறையும். உயரத் தூக்கத் தூக்க இன்னும் ஆபத்து.

கார் ஓட்டத் தெரிந்தவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். இதில் திரும்புவது பின்சக்கரம், அதனால் வளைவில் வால் வீசிக்கொண்டு வெளியே போகும், பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் காலுக்கு அதுதான் எமன்.

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15, 20 செ.மீ. போதும், மாஸ்ட், அதாவது ஃபோர்க் ஏறி இறங்கும் முன்பக்கத் தூண், கொஞ்சம் பின்சாய்ந்திருக்கட்டும். ராம்ப்பில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம், அதாவது லோடோடு இறங்கும்போது ரிவர்ஸ்தான்.

உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் குதிக்கத்தான் தோன்றும். குதிக்காதீர்கள். குதிப்பவர் மேல்தான் தலைக்கு மேலிருக்கும் கூரைக் கம்பி வந்து விழும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் முதலில் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். "நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கணும்ணே, பெல்ட்டெல்லாம் எதுக்கு" என்கிறார்கள் பையன்கள். நான் பார்க்கும்போது மட்டும் போடுகிறார்கள்.