கூண்டு எத்தனை?

நம் சங்க மலரில் பெரிய சாரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவருடைய கணக்குப் பாடம், பிரம்பு, பழைய சைக்கிள் எல்லாம் வந்தாகிவிட்டது. இந்த வைகாசியில் காலமான அவர் வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

என் அம்மா பாம்பனிலிருந்து தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவர். விடியுமுன் வள்ளம் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். பள்ளி விட்டதும் நான் போய் உட்காருவது சார் வீட்டுத் திண்ணையில். "சாப்பிட்டியா" என்று அந்த அம்மா கேட்டதாக நினைவில்லை; தட்டு வந்துவிடும். பெரும்பாலும் சூடைமீன் குழம்பு. என்னைப்போல் இன்னும் நாலைந்து பேர். ஒரு வாத்தியார் சம்பளத்தில் அது எப்படிக் கட்டுப்படியானது என்பது கணக்கு சாருக்கே தெரிந்திருக்காது.

அந்த அம்மா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அந்த ஊரை அழித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பாம்பனில் சித்தி வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவும் தம்பியும் அங்கே. அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் ஐப்பசியில் வானம் கறுத்தால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் துறைமுக அலுவலகத்துக்கு எங்களை விரட்டுவார்: "ஓடிப்போய்க் கூண்டு எத்தனைன்னு பார்த்துட்டு வா!"

ஒருநாள் எனக்குக் குறும்பு. தூர எச்சரிக்கையான ஒன்றாம் எண்தான் ஏற்றியிருந்தார்கள். "ஏழு!" என்று கத்திக்கொண்டு வந்தேன். அவர் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். ரேஷன் கார்டும் ஒரு சேலையும் மூட்டையானது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓட்டிப்போனார். மாடியில் அவர் உதடு நடுங்கியதைப் பார்த்த பிறகும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சார் வந்து விசாரித்துப் பிரம்பை எடுத்தார். "விடுங்க, பயலுக்கு வெளங்கலை" என்றார் அந்த அம்மா. அன்று ராத்திரியும் தட்டு வந்தது.

ஓய்வு பெற்ற மறுவருடம் சாருக்குப் பக்கவாதம். பதினோரு வருடம் படுக்கை. பிள்ளைகள் சென்னைக்குக் கூப்பிட்டும் அந்த அம்மா நகரவில்லை. 2009இல் லீவில் போனபோது பார்த்தேன்: சார் நல்ல கையால் பிடித்து எழும்ப, கட்டில் காலில் பழைய சேலையை முறுக்கிக் கட்டியிருந்தார். தலைமாட்டில் டைம்பீஸ். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் புரட்டிவிட வேண்டும், இரவிலும்தான். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார். நான் சாரின் கையைப் பிடித்து இழுக்கப்போக, அதட்டினார்: "கையை இழுக்காதே. முழங்காலை மடக்கு. தோளையும் இடுப்பையும் சேர்த்துத் தள்ளு." பிறகு என் அம்மா விழுந்து படுத்தபோது அந்தப் பாடம்தான் எனக்கு உதவியது. சார் நடத்திய அல்ஜீப்ரா இதுவரை உதவவில்லை, சார் மன்னிக்கட்டும்.

2024 நவம்பர் 20ஆம் தேதி பாம்பனில் 28 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செய்தி பார்த்ததும் இங்கிருந்து சார் வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்றார்.

"பயப்படாதீங்கம்மா, புயல் ஒண்ணும் இல்லை. மழைதான்."

"நீ சொல்லி நான் நம்பணுமாக்கும்?" என்று சிரித்தார். "பக்கத்து வீட்டுப் பயலைக் கூண்டு பார்த்துட்டு வர அனுப்பியிருக்கேன்."