லூபஸ் இருந்தால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்: என் அனுபவம்

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய் எனக்கு இருப்பது உறுதியான பிறகு என் சிறுநீரகம், தோல், மூட்டு, கண் எல்லாவற்றுக்கும் முறையாகப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. இதயத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை. லூபஸைப் பார்க்கும் மருத்துவர் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார். குடும்ப மருத்துவரிடம் கேட்டால், "உங்கள் வயதுக்குக் கொலஸ்ட்ராலைப் பற்றி இப்போது என்ன கவலை?" என்பார். இருவருமே அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் இருவருக்கும் இடையில் என் இதயம் யார் கவனத்திலும் வராமல் கிடந்தது. அதை ஒருவர் முறையாகக் கவனிக்கத் தொடங்கும்வரை நடந்ததை எழுதுகிறேன். நாற்பது வயதைத் தொடாத பெண்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

நான் இதில் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. லூபஸில் மரணங்கள் இரண்டு கட்டங்களாக நிகழ்கின்றன என்று டொராண்டோ மருத்துவர்கள் 1976-லேயே எழுதினார்கள். தொடக்க ஆண்டுகளில் நோயின் தீவிரமும் தொற்றும் உயிரைப் பறிக்கின்றன. பல ஆண்டுகள் கழித்து, நோய் அடங்கியிருக்கும்போதே மாரடைப்பு வருகிறது. 1997-இல் பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்று, 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்றது. இந்த எண்ணைப் படித்துவிட்டு யாரும் நிலைகுலைய வேண்டாம். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது. அரிதான ஒன்று பல மடங்கு பெருகினாலும் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. ஆனால் "இந்த வயதில் வராது" என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது என்பதற்கு இது போதும்.

இதயத்தைப் பற்றி மட்டும் பேச ஒரு மருத்துவரிடம் தனியாக நேரம் வாங்கினேன். லூபஸுக்கான வழக்கமான சந்திப்பிலேயே இதையும் கேட்டால் பேச நேரம் இருக்காது. ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துச் சென்றேன்: லூபஸ் கண்டறியப்பட்ட ஆண்டு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு, எவ்வளவு காலம் எடுத்தேன், சிறுநீரில் புரதம் வெளியேறிய காலம், கர்ப்பத்தின்போது இரத்த அழுத்தம் ஏறிப் பிரசவத்தை முன்கூட்டியே செய்ய நேர்ந்தது, என் தந்தைக்கு வந்த மாரடைப்பு. கர்ப்ப கால விவரத்தை யாரும் கேட்பதில்லை. பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது என்பதால் நாமே சொல்ல வேண்டும்.

மருத்துவர் முதலில் வழக்கமான அபாயக் கணக்கீட்டைப் போட்டார். "குறைவு" என்று வந்தது. வயது, புகை, கொலஸ்ட்ரால், அழுத்தம், சர்க்கரை இவற்றை மட்டுமே வைத்துப் போட்டால் இளம் பெண்ணுக்கு அப்படித்தான் வரும். லூபஸையும் சேர்க்கும் கணக்கீடு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பிரிட்டனில் 2017-இல் வெளியான கியூரிஸ்க்3, லூபஸையும் தொடர்ந்த ஸ்டீராய்டு பயன்பாட்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதில் போட்டபோது எண் ஏறியது. அது பிரிட்டன் மக்களை வைத்து உருவாக்கியது, லூபஸில் அதுவும் குறைத்துக் காட்டக்கூடும், ஆகவே எண்ணையே வேதமாகக் கொள்ள வேண்டாம் என்றார் அவர். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

லூபஸ் ஏன் இரத்தக் குழாயைத் தாக்குகிறது என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார். ஓயாத அழற்சி குழாயின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. அங்கே கொழுப்பு எளிதில் படிகிறது. ஸ்டீராய்டு அழுத்தத்தையும் சர்க்கரையையும் எடையையும் ஏற்றுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. நோய் தீவிரமாக இருக்கும்போது நல்ல கொலஸ்ட்ரால் இறங்கி, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறும் என்பதால், நோய் அடங்கிய பிறகு இன்னொரு முறையும் பார்த்தார்கள். வீட்டிலேயே காலையும் மாலையும் அழுத்தம் அளந்து குறித்துவந்தேன். லூபஸில் 130/80-க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை எனக்குப் பாசிட்டிவ். தொற்றின்போதும் தற்காலிகமாக அப்படி வரலாம் என்பதால் 12 வாரம் கழித்து மறுபடி செய்தார்கள். அந்த இடைக்காலம் எளிதாக இல்லை. இரண்டாம் முறையும் பாசிட்டிவாகவே வந்தது. குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினார்கள். இதை யாரும் தாமாகத் தொடங்கக் கூடாது, இரத்தக்கசிவு வாய்ப்பைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பிறகு கழுத்துத் தமனியின் அல்ட்ராசவுண்டு. வலியில்லாத, சிறிது நேரத்தில் முடிகிற சோதனை. 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் லூபஸ் உள்ளவர்களில் 37 சதவீதத்தினருக்கும், ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு இருந்தது. எனக்கும் சிறு படிவு இருந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா என்ற கேள்வியை அதுதான் தீர்த்தது. லூபஸ் உள்ள எல்லோருக்கும் ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. படிவைக் கண்ணால் பார்த்ததால்தான் எனக்குத் தருவதாகச் சொன்னார். கர்ப்பத்தின்போது ஸ்டாட்டினைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள் என்பதால், மறுபடி கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்.

லூபஸ் மருத்துவரும் இந்த முடிவுகளைப் பார்த்துத் தன் சிகிச்சையை மாற்றினார். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது 2023-இல் வந்த ஐரோப்பியப் பரிந்துரை. அதை நோக்கி மெல்ல மெல்லக் குறைத்தார். திடீரென நிறுத்துவது ஆபத்து. லூபஸுக்கான அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஒருநாளும் விடக் கூடாது என்றார். இரத்தம் உறைவதைக் குறைக்கவும் கொழுப்பைச் சீராக்கவும் அது உதவுகிறது. நீண்ட காலம் எடுத்தால் அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால், கண் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்துகொண்டு மருந்தைத் தொடரலாம்.

இடையில் ஓர் இரவு நெஞ்சு வலித்தது. அவசரப் பிரிவில் இருந்தவர் என் வயதைப் பார்த்து வாயுத் தொல்லை என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. "எனக்கு லூபஸ் இருக்கிறது, இரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்பொருளும் இருக்கிறது, ஈசிஜியும் டிரோபோனினும் பார்க்க வேண்டும்" என்று உறுதியாகச் சொன்னேன். டிரோபோனின் என்பது இதயத் தசை சேதமடைந்ததா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை. பார்த்தார்கள். மாரடைப்பு இல்லை, இதய உறையில் அழற்சி. லூபஸில் இதுவும் வரும். மூச்சை இழுக்கும்போதும் படுக்கும்போதும் வலி கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். ஆனால் வலியின் தன்மையை வைத்து வீட்டிலிருந்தபடியே நாமே முடிவு செய்யக் கூடாது. உடனே போய், வாசலிலேயே லூபஸ் என்று சொல்லுங்கள். முதல் டிரோபோனின் சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.