காய்ச்சலுக்கு நாள் குறித்தவன்

"கட்டுரையை முன்கூட்டியே அனுப்பி உதவுங்கள்" என்று மலர்க்குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'முன்கூட்டியே' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய விடுப்புக் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது.

"எனக்கு முன்கூட்டியே காய்ச்சல் இருந்தபடியால் நேற்று வகுப்புக்கு வர இயலவில்லை." 'ஏற்கெனவே' என்பதைவிட இது கம்பீரமாகப் பட்டது, வேறு காரணமில்லை. தமிழாசிரியர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "காய்ச்சலுக்கு நாள் குறித்து வைத்திருந்தாயா, தம்பி?" வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

பிறகு சுண்ணக்கட்டியை எடுத்தார். 'ஏற்கெனவே' நடந்து முடிந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். 'முன்கூட்டியே' என்றால், எதற்கு முன் என்ற கேள்வி உடனே எழும். வரப்போவது ஒன்று வேண்டும். அதை எண்ணிச் செய்பவன் ஒருவனும் வேண்டும். "ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டேன்" என்றால் வேலை முடிந்தது. "முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிட்டேன்" என்றால், கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டவனின் புத்தியும் சேர்ந்து தெரிகிறது.

'கூட்டி' வினையெச்சம், ஈற்றில் இருப்பது தேற்ற ஏகாரம் என்று இலக்கணமும் சொன்னார். அதில் எனக்கு மனம் செல்லவில்லை. "எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு" என்று குறளை இழுத்துச் சொன்ன குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வரப்போவதை முன்பே அறிந்து காத்துக்கொள்ளும் அறிவுடையவர்க்கு என்று பொருள். நாம் 'முன்' போட்டுச் சொல்வதை வள்ளுவர் 'எதிர்' போட்டுச் சொல்லிவிட்டார்.

அவரிடமிருந்து தொற்றிய வியாதி இன்றும் விடவில்லை. "முன்கூட்டியே முன்பதிவு செய்யுங்கள்" என்ற அறிவிப்பைக் கண்டால் ஒரு 'முன்'னை அடித்துவிடக் கை பரபரக்கிறது.

ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. "பருவமழை முன்கூட்டியே தொடங்கியது" என்று ஒருவன் எழுதியதைச் சிவப்பு மையால் சுழித்து, 'முன்னதாகவே' என்று திருத்தினார். மழைக்கு ஏது திட்டம் என்பது அவர் வாதம். திட்டம் இல்லைதான், ஆனால் பருவம் என்று ஒரு தவணை இருக்கிறதே! நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன, நானும் எழுதுகிறேன். அன்று இதைச் சொல்ல எழுந்தபோது மணி அடித்துவிட்டது.

"மணியும் முன்கூட்டியே அடித்துவிட்டது, ஐயா" என்றேன்.

"அடித்தது ஆள்தானே? அது சரி" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.