தூக்கத்தில் நடக்கும் செவிச் சோதனை: போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்பே செவிச் சோதனை செய்துவிடுகிறார்கள். முடிவு சுகாதாரக் கையேட்டில் இருக்கும். ‘ரெஃபர்’ (மறுசோதனை தேவை) என்று வந்தால் காது கேட்காது என்று அர்த்தமில்லை. காதுக்குள் தங்கிய பிரசவ நீரோ குழந்தையின் அசைவோகூடக் காரணமாகலாம். ஆனால் ‘தண்ணிதான், தானே வடிஞ்சிரும்’ என்று மறுசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சையின் தொடக்கம் என்பதுதான் கணக்கு. செவித்திறனைப் பாதிக்கக்கூடிய சிஎம்வி என்ற வைரஸின் பிறவித் தொற்றுக்கான சோதனையையும் பிறந்த 21 நாளுக்குள் எடுத்தால்தான் தெளிவு கிடைக்கும். அதை நாமாகவே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து வருவது ஏபிஆர். ஒலி கேட்கும்போது செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை இது. குழந்தை ஆழ்ந்து தூங்கினால்தான் அலை தெளிவாகத் தெரியும். விழித்து அசைந்தால் தசைகளின் மின்னோட்டம் அதை மூடிவிடும். எலெக்ட்ரோடு ஒட்டுவது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும். அதனால் அன்று எண்ணெய், பவுடர், நெற்றிப்பொட்டு எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் எலெக்ட்ரோடு சரியாக ஒட்டாது. பயணத்தில் குழந்தையைத் தூங்கவிடாமல் பசியோடு கொண்டுபோங்கள். தோலைத் துடைத்து எலெக்ட்ரோடு ஒட்டிய பிறகே பால் கொடுங்கள். ஒட்டும்போது விழித்தாலும், பால் குடித்ததும் தூங்கிவிடும். சில மாதங்கள் கடந்துவிட்டால் இந்த இயல்பான தூக்கம் கிடைப்பது கடினம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

இரண்டு காதுக்கும், 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை தனித்தனியாக அளக்க வேண்டியிருப்பதால் ஒரே அமர்வில் முடியாமல் போகலாம். பாதியில் எழுந்துவிட்டால் எந்தக் காதில் எந்த அளவுகள் முடிந்தன, எலும்பு வழிச் சோதனை (காதுக்குப் பின்னுள்ள எலும்பை அதிரவைத்து ஒலி கொடுப்பது) செய்தாயிற்றா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறை நடுக்காதிலா உட்காதிலா என்பதைப் பிரித்துச் சொல்வது அந்த எலும்பு வழி அளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ (ஒலிக்கு உட்காது திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் சோதனை) மட்டும் போதாது. அது உட்காதின் மயிரணுக்களை மட்டுமே பார்க்கும், நரம்பில் உள்ள கோளாறு தப்பிவிடும்.

வீட்டில் பாட்டி தட்டைத் தட்டிப் பார்ப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். உரத்த சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கு மெல்லிய ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் எட்டாமல் இருக்கலாம். அதிர்வை உணர்ந்தோ கை நிழலைப் பார்த்தோகூடத் திரும்பியிருக்கலாம்.

6 மாதத்துக்குப் பிறகு, ஒலி வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் சோதனை செய்வார்கள். மடியில் வைத்திருப்பவர் தலையை அசைத்தாலே முடிவு கெட்டுவிடும். ஒலிபெருக்கியில் மட்டும் சோதித்தால் நன்றாகக் கேட்கும் காதின் அளவுதான் கிடைக்கும், ஒரு காதுக் குறை மறைந்துவிடும்.

காது கேட்கும் கருவி வந்தபின், ஒலி எட்டுகிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் ஆறையும் வாயைக் காட்டாமல் சொல்லிப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். செவிக் குறைக்காகத் தமிழை நிறுத்தத் தேவையில்லை. கருவி அடிக்கடி விசிலடித்தால் காது வளர்ந்து, கருவியைக் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கலாம். கைக்குழந்தைக்குச் சில வாரங்களிலேயே புது அச்சு தேவைப்படும், உடனே நேரம் வாங்கிவிடுங்கள்.