கிளினிக் கொப்பி சுடலைக்குப் போன கதை

அம்மா யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் அக்கா வீட்டில் தவறினார். புற்றுநோய். வார்டில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு கடைசி ஏழு கிழமையும் அங்கேதான் வைத்துப் பார்த்தோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைப்பது, வலிக்குத் தந்த மோர்பின் பாணி மருந்தை சிரிஞ்சில் அளந்து வாயோரம் விடுவது எல்லாம் பழகிவிட்டது. பழகாதது அதற்குப் பிறகு வந்த கந்தோர் அலைச்சல்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் மரணப் பதிவுக்கு வெளிக்கிட்டேன். அடையாள அட்டையில் கொக்குவில் விலாசம் இருந்ததால் கொக்குவில் விதானையாரிடம், அதாவது கிராம சேவகரிடம் போனேன். முதல் நாள் அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் எல்லாக் கடதாசியையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "தம்பி, அம்மா எங்க தவறினாவோ அந்த இடத்து விதானையார்தான் அறிக்கை தரவேணும். பதிவாளரும் அந்தப் பிரிவுதான்." இரண்டு லீவு போச்சு.

சாவகச்சேரி விதானையார் தன்மையான மனிசன். மரணக் காரணம் எழுத ஏதாவது மருத்துவக் கடதாசி வேணும், கிளினிக்கில் வருத்தமும் மருந்தும் எழுதித் தரும் கொப்பி போதும் என்றார். இடி அங்கேதான் விழுந்தது. பாணி ஒட்டிப் பிசுபிசுத்த அந்தக் கொப்பியை அம்மா தலையணை உறைக்குள்தான் வைத்திருப்பார். மெத்தை, தலையணை எல்லாவற்றையும் யாரோ சுடலைக்கு ஏற்றிவிட்டார்கள். செத்த வீட்டில் யாரைப் பிடித்துக் கேட்பது?

அதற்குப் பதிலாக ஏதாவது கடதாசி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் நிமிரவேயில்லை.

"நோயாளியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவ மோசம் போயிட்டா ஐயா."

"அப்ப மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ."

"அதை எடுக்கத்தான் ஐயா வந்தனான்."

பின்னால் வரிசையில் நின்ற கிழவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மோட்டார்சைக்கிளடிக்கு வந்துதான் அழுதேன்.

அன்றிரவு அக்காவுக்கு ஞாபகம் வந்தது. வார்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நோயை எழுதித் தந்த டயக்னோசிஸ் காட், சாமியறையில் பஞ்சாங்கத்துக்குக் கீழே இருந்தது! மறுநாள் விதானையாரின் அறிக்கை பத்து நிமிசத்தில் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் அந்தக் காட்டையும் கொப்பியின் கடைசிப் பக்கங்களையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பதிவாளரிடம் ஒரு சின்ன வெற்றி. கையெழுத்து வைக்க முதல் எழுத்தெழுத்தாக வாசித்தேன். அம்மாவின் பெயருக்கு முன்னால் இருக்கவேண்டிய முதலெழுத்தைக் காணோம். வங்கிப் புத்தகத்தைக் காட்ட, முகத்தைச் சுழித்துக்கொண்டு திருத்தினார். பதிந்த பிறகு பிழை திருத்துவது தனி அலைச்சல், அவசரப்படாதீர்கள். மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுங்கள், பிந்தினால் வேலை கூடும். பிரதிகளும் இரண்டு மூன்று கூடவே எடுங்கள். வங்கிக்கொன்று, காணிக்கொன்று என்று எல்லாரும் கேட்பார்கள்.

மிஞ்சின மோர்பின் போத்தல் இன்னும் அக்காவின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் லீவு போடவேணும். அதே கவுண்டர்தான்.